'என்பர்' என்றால் யார்?

என் வீட்டுக்காரர் ஆல்பர்ட்டுக்கு ஜீவா என்ற பெயரைக் கேட்டாலே சோறு இறங்காது. ஜீவா மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பெண். கள்ளக்குறிச்சியில் இவர் வேலை பார்க்கும் கல்லூரியில் இவரிடம்தான் பி.ஏ. வரலாறு படித்தாள். இவர் இன்னும் கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளிக்கொண்டிருக்க, அவள் முனைவர் பட்டம் வாங்கிப் பக்கத்து அறைக்கே வேலைக்கு வந்துவிட்டாள். கதவில் 'முனைவர் ஜீவா' என்று பலகை. அதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று இவர் அடுத்த மாடிப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். பொறாமைதான், வேறென்ன?

மற்றபடி நல்ல மனுஷன். எந்த மாணவனுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் பைக்கை எடுப்பவர் இவர்தான். ஆனால் ஜீவாவின் கட்டுரையை யாராவது பாராட்டினால் போதும், முகம் சுண்டிவிடும்.

இவருடைய முனைவர் பட்ட ஆய்வு மலையடிவாரச் சந்தைகளைப் பற்றியது. மலையிலிருந்து வரும் புளிக்கும் கடுக்காய்க்கும் சாயங்காலமானால் விலை ஏன் படுத்துவிடுகிறது என்பதுதான் கேள்வி. அதற்குச் சரியான பதிலை எழுதியிருந்தது ஜீவா மட்டும்தான். அவளை மேற்கோள் காட்டாமல் மூன்றாம் இயல் நிற்காது. காட்டினால் இவர் நெஞ்சு தாங்காது.

ஆய்வேட்டை டைப் அடித்தவள் நான். அந்த இடத்தில் 'ஆய்வாளர் சிலர் என்பர்' என்று மொட்டையாக இருந்தது. அடிக்குறிப்பு கிடையாது.

"யாருங்க இந்தச் சிலரு? அந்த ஜீவா ஒருத்திதானே?"

"உனுக்கு இன்னா தெரியும்? பேசாம அடிச்சிக்கினு வா."

"பேரு போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

"அவ பேரப் போட்டு நான் டாக்டராவணுமா?"

எக்கேடோ கெடட்டும் என்று அடித்துக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால் நானும் போனேன். கடைசி வரிசையில் ஜீவாவும் இருந்தாள். சேலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா இவர் சொல்வதைத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மூன்றாம் இயல் வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"'என்பர்'னா யாரு சார்?"

இவர் தண்ணீர் குடித்தார்.

"யாரோ சொன்னாங்கன்னா உங்க வாதம் எது மேல நிக்கும்? ஆள் பேரு இல்லாம இந்த இயலை நான் ஏத்துக்க முடியாது. பட்டமும் தர முடியாது."

ஜீவா தலையைக் குனிந்துகொண்டாள்.

"முனைவர் ஜீவா" என்றார் இவர், விழுங்க முடியாததை விழுங்கிக்கொண்டு.

"அவங்க என்ன எழுதியிருக்காங்க?"

கையில் தாள் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "மலைக்குத் திரும்பும் கடைசி பஸ் உறுமத் தொடங்கியதும் மூட்டைக்காரி பேரத்தை விட்டுவிடுகிறாள். அதன்பிறகு விலையைச் சொல்வது பஸ்தான்." அதோடு நிறுத்தவில்லை. பத்தி முழுவதையும் பக்க எண்ணோடு ஒப்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை என்பது ஜீவாவின் முகத்திலேயே தெரிந்தது. எழுதியவளே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தேர்வாளர் சிரித்துவிட்டார். "இதை அப்படியே பேரோட சேர்த்துடுங்க, இயல் நிக்கும்" என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகவும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு மட்டும் கை எழவில்லை. எத்தனை முறை படித்திருந்தால் இப்படி மனப்பாடம் ஆகியிருக்கும்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பேசியதில் ஒரு வரியாவது இந்த மனுஷனுக்கு இப்படிச் சொல்ல வருமா?

இவர் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார். "செலினா, அந்த எடத்துல ஜீவா பேர அடிச்சிடு."

"நீங்களே அடிச்சிக்கங்க" என்றேன்.