லிஃப்டுக்குள் ஒரு தராசு

டியூஷன் படிப்பிக்கிறவர்களுக்குத் தங்களைப் பற்றிய உண்மை மாடிப்படியில்தான் கிடைக்கும். வெள்ளவத்தையில் நாங்கள் வகுப்பு நடத்தும் பிளாட்டின் படியில் ஏறும்போது, மேலே ஒரு தாய் இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது: “அந்த மிஸ் படிப்பிக்கிறேல்லையாம். நூலில திறப்பைக் கட்டி ஆட்டுறாவாம்.”

சொன்னவர் என் வகுப்பில் படிக்கும் அபிராமியின் அம்மா. அபிராமி வகுப்பை விட்டு நின்றால் அவளோடு ஒரே வான் வண்டியில் வரும் நான்கு பிள்ளைகளும் நிற்பார்கள். பிறகு என் வகுப்பில் மிஞ்சுவது வெள்ளைப் பலகைதான்.

கிளாசும் குத்தியும்

எனக்கு நிறையப் பேச வராது. அதனால் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடத்தின் சடத்துவத்தைச் செய்து காட்டினேன். கிளாசின் மேல் அட்டை, அட்டையின் மேல் ஐந்து ரூபாய்க் குத்தி. அட்டையைச் சுண்டினேன். அது பறந்தது, குத்தி கிளாசுக்குள் விழுந்தது. ஏன் குத்தியும் கூடப் பறக்கவில்லை என்று கேட்டேன். வழக்கமாகக் கடைசி வாங்கில் இருந்து படம் கீறும் அபிராமி அன்று முன் வாங்குக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவள் பேனையைத் திறந்தபடி கேட்டாள்: “மிஸ், இது எம்சிகியூவிலயா வரும், கட்டுரையிலயா?”

காலி வீதி பஸ்

திறப்புக் கதை பொய்யில்லை. பஸ் புறப்படும்போது நூலில் தொங்கும் வீட்டுப் பூட்டுத் திறப்பு பின்னுக்குச் சாயும், பிரேக் போட்டால் முன்னுக்கு வரும். வேகம் மாறுவதை, அதுதான் ஆர்முடுகலை, கண்ணால் பார்க்க அதைவிட மலிவான கருவி இல்லை. அபிராமியையும் இரண்டு பிள்ளைகளையும் காலி வீதியில் கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். மூன்று பேரும் நூலைப் பிடித்து மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் சிங்களவர். எங்களை வெகுநேரம் கவனித்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “நங்கி, சாத்திரம் பாக்கிறதா? இந்த பஸ் எத்தன மணிக்கு கோட்டை போகும், அதையும் கேளுங்க.”

மூன்றாம் மாடி

அடுத்த கிழமை வீட்டிலிருந்து நிறை பார்க்கும் தராசைக் கொண்டுபோனேன், முள் உள்ள பழையது. லிஃப்டுக்குள் அதை வைத்து அபிராமியை ஏற்றினேன். லிஃப்ட் மேலே கிளம்ப முள் துள்ளியது, பிள்ளைகள் கத்தினார்கள். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. வெளியே லிஃப்டுக்காகக் காத்து நின்றவர் அபிராமியின் அம்மா. தராசையும் மகளையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “நிறை பாக்கிறதுக்கு நான் இவவை அனுப்பேல்லை, பிள்ளை.”

அன்று பின்னேரம் டியூஷன் நடத்தும் சேர் என்னைக் கூப்பிட்டார். “சனிக்கிழமை அபிராமியின்ர அம்மா மகளின்ர பேரை வெட்ட வாறாவாம். நீங்கள் கதைச்சுப் பாருங்கோ.”

சனிக்கிழமை

என்ன கதைப்பது என்று எழுதிப் பாடமாக்கினேன். லிஃப்டில் அம்மாவும் மகளும் ஏறியதும் எல்லாம் மறந்துபோனது. என் பையிலிருந்த தராசை அபிராமியே எடுத்து நிலத்தில் வைத்தாள்.

“ஒருக்கா ஏறிப் பாருங்கோவன், அம்மா.”

“விசரே உனக்கு?” என்றவர், செருப்பைக் கழற்றினார்.

லிஃப்ட் கிளம்பியது. “ஐயோ, கூட்டிக் காட்டுது!”

“பொறுங்கோ. நிக்கேக்க குறையும்.”

குறைந்தது.

“ஏனடி?”

“லிஃப்ட் நிக்கப் பாக்குது. நீங்கள் இன்னும் மேல போய்க்கொண்டு இருக்கிறீங்கள். அதால தராசை அமத்துறது குறையுது.”

எங்கள் வகுப்பு இருக்கும் ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. எதிரே சேர், பதிவுப் புத்தகத்தோடு.

அபிராமியின் அம்மா தராசிலிருந்து இறங்காமலே கையை நீட்டிக் கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினார்.