மாஸ்கோவுக்குப் போன மணி

அமெரிக்காவில் எச்-ஃபோர் என்ற சார்பு விசாவில் வேலைக்குப் போக முடியாமல் பல வருடம் வீட்டிலேயே இருந்தவள் என் மனைவி. கிரீன் கார்டு வந்ததும் ஃபிரிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். கோடிங் படிப்பாள் என்று நினைத்தேன். ரஷ்ய வரலாறு எடுத்தாள்.

"இதை வச்சு டெக்சஸ்ல என்ன வேலை கிடைக்கும்?" என்றேன். சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திறந்தாள். அவள் அப்படிச் சிரித்தால் நான்தான் கவலைப்பட வேண்டும்.

அப்போது எங்கள் பகுதித் தமிழ்க் குழுவுக்கு ஆறு வருடமாக நானே தலைவர். பொங்கலுக்கு ஹால் பிடிப்பதிலிருந்து ஆளுக்கொன்று சமைத்துவரும் பாட்லக்கில் யார் சாம்பார், யார் பாயசம் என்பதுவரை என் கையில். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. "இந்த வருஷமும் நீங்களேவா?" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்க, ஒன்பது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று மாற்றிவிட்டேன். அட்மின் நான் ஒருவன்தான். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை தோசைக்கு நடுவே, "என் பேப்பர்ல டைப்போ இருக்கான்னு செக் பண்ணுங்க" என்று லேப்டாப்பை நீட்டினாள்.

நோவ்கோரோத் என்ற பழைய ரஷ்ய நகரத்தைப் பற்றியது. அங்கே ஒரு மணி. அதை அடித்தால் ஊர் கூடும். ஆளும் இளவரசனைப் பிடிக்கவில்லையென்றால், போய்வாருங்கள் என்று மரியாதையாக வழியைக் காட்டிவிடுவார்களாம். எத்தனை நூறு வருடத்துக்கு முன்னால்! அந்த ஜனங்களின் துணிச்சலில் அசந்துபோனேன். பிறகு மாஸ்கோ அரசர் ஊரைப் பிடித்தார். மணியைக் கழற்றித் தன் ஊருக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன்தான் முதன்முதலில் ஜாராக முடிசூட்டிக்கொண்டவர். அவர் காலத்தில் அந்த நகரமே ரத்தக்களறியானது. மணியைக் கொண்டுபோன அரசருக்கு அதன் சத்தம் தொந்தரவில்லை, அதை ஊரார் அடிக்கலாம் என்பதுதான் தொந்தரவு என்று எழுதியிருந்தாள். ஒரு பிழைகூட இல்லை. இவ்வளவு நாள் இந்த மூளையை வீட்டில் வைத்துக்கொண்டா நான் தலைவராக இருந்தேன்?

"இது என்னைப் பத்தியா?"

"டாபிக் ஜனவரிலயே சப்மிட் பண்ணிட்டேன். நீங்க குரூப்பை லாக் பண்ணது போன வாரம்தானே."

எட்டாவது படிக்கும் மகள் கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்திலிருந்து தலை தூக்காமல், "அப்பா, தட்ஸ் டோட்டலி யூ" என்றாள்.

வெட்கமாக இருந்தது. போனை எடுத்து அங்கேயே, எல்லாரும் எழுதலாம் என்று குழுவைத் திறந்துவிட்டேன். அரை நிமிடத்தில் முதல் செய்தி வந்தது, எதிரில் உட்கார்ந்திருந்தவளிடமிருந்து.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் தலைவர் பதவிக்கு நான் நிக்கிறேன்."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் எழுந்துபோய்ச் சூடாக ஒரு தோசையைக் கொண்டுவந்து, ரொம்ப மரியாதையாக என் தட்டில் வைத்தாள்.

முதல் கட்டைவிரலைத் தூக்கியது நான்தான்.