நான் ஒப்புக்கொள்ளாத வார்த்தை

குன்னூரில் தமிழாசிரியையாகச் சேர்ந்த வருஷம் எனக்கு இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். ஒருத்தி கடைவீதியில் கணவரோடு துணிக்கடை நடத்துகிறவள். இன்னொருத்தி எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அவள் அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் இங்கே வந்தவர். கொழுந்து பறித்தே மகளைப் படிக்கவைத்தார்.

ஞாயிறு மதியம் துணிக்கடைக்காரி வீட்டில் கூடுவோம். சட்டைப் பெட்டி அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டித் தமிழ் எழுத்துகளை எழுதி வைத்திருந்தோம். கட்டம் போட்ட பலகையில் அவற்றை அடுக்கி வார்த்தை சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் என் தீர்ப்புதான். தமிழ் டீச்சர் ஆயிற்றே.

ஒரு மழை நாளில் கிளார்க் தோழி ‘பெரட்டு’ என்று அடுக்கினாள்.

“அப்படி ஒரு வார்த்தை இல்லை” என்றேன்.

“இருக்குக்கா. காலையில ஆள் கணக்கெடுத்து வேலை பிரிச்சுக் குடுப்பாங்கல்ல, அது. எங்க வீட்டுல அம்மா தெனமும் சொல்ற வார்த்தை.”

அகராதியைப் புரட்டினேன். இல்லை. “வீட்டுல பேசுறதெல்லாம் தமிழாயிடுமா?” என்று கேட்டேன். அன்று நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை நின்றால் ஆட்டம் அவளுடையது.

அவள் நான்கு அட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ‘படி’ என்று வைத்தாள். நான் ஜெயித்தேன். அடுத்த வாரம் ஆபீசில் வேலை என்றாள். அப்புறம் அவள் வரவே இல்லை.

மறு வருஷம் அவள் அம்மா தவறிப்போனார். நானும் துணிக்கடைக்காரியும் போயிருந்தோம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு பெரியவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “முப்பது வருஷத்துல ஒரு நாளும் இந்தம்மா பெரட்டுக்குப் பிந்தினதில்ல.” சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையைப் பிடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து போன் செய்தேன். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“அதையா இன்னும் நெனச்சுட்டிருக்கீங்க? நான் அப்பவே மறந்துட்டேன்க்கா.”

“ஞாயித்துக்கிழமை வாயேன்.”

“பாக்கலாம்க்கா” என்றாள். குரலில் கோபமே இல்லை. ஆனால் அவள் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் வந்திருப்பாள் என்று தோன்றியது.

இப்போது நாங்கள் இருவர் மட்டும் ஆடுகிறோம். துணிக்கடைக்காரி எதை அடுக்கினாலும் நான் மறுப்பதில்லை. போன வாரம் அவள் அட்டைகளைக் கலைத்துவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க்கா, எதுக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. இப்படி ஆடுனா எனக்குப் புடிக்கலீங்க.”

நான் டீ போட எழுந்து போனேன்.