செல்லையா சாருக்குக் கிடைக்காத ரிலீவ் ஆர்டர்

செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்டுக்குக் கையெழுத்துப் போடப் போனபோதுதான் சொன்னார்கள். ஒயர்லெஸ் ஒர்க்‌ஷாப் செல்லையா சார் குவார்ட்டர்ஸில் காலமாகிவிட்டார். மாரடைப்பு. இத்தனை வருஷம் எதிர் மேசைக்காரன் நான், எனக்கே அடுத்தவர் சொல்லித்தான் தெரிகிறது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் திறந்தவெளிச் சுரங்கத்தின் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் பேசிக்கொள்ள எங்களிடம் இருந்தவை மலிவு விலை செட்டுகள். பேச்சை அனுப்ப ஒரு பெட்டி, வாங்க ஒரு பெட்டி. வந்த மாதமே படுத்துவிடும். செல்லையா சார் ஏரியலைக் கழற்றி, அந்த இடத்தில் டார்ச் பல்பு மாட்டுவார். பல்பு எரிந்தால் அனுப்பும் பெட்டி சரி. பிறகு ஏரியலைத் திரும்ப மாட்டிவிட்டு, வாங்கும் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சுரங்கத்தின் மறுகோடிக்குப் போய்விடுவார். “மேசைமேல பேசாத செட்டு உண்டா வே? அங்க பேசணும்” என்பார்.

அவர் மனைவி தூத்துக்குடியில் ஆசிரியை. வேலையையும், படுக்கையில் கிடந்த மாமியாரையும் விட்டு இங்கே வர வழியில்லை. சாருக்கு அங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்தது. “உங்க இடத்துக்கு ஆள் தயாரானா அன்னைக்கே ரிலீவ்” என்றார் எங்கள் அதிகாரி. அந்த ஆள் நான். பத்து செட்டை நானே பழுதுபார்த்துத் தேற்றிக் காட்ட வேண்டும். சார் டிரங்குப் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டார்.

அன்று பார்த்து மழை. சேற்றில் யார் சைக்கிள் மிதிப்பது என்று இரண்டு பெட்டியையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிப் பார்த்தேன். ஒரு முழத் தூரத்தில் ஏரியல் இல்லாமலே பேசும். அது எனக்குத் தெரியாததா? பத்தும் சரி என்று எழுதிக் கொடுத்தேன், புத்திகெட்டவன். மறுநாள் அதிகாரி சுரங்கத்தின் அடியிலிருந்து கூப்பிட்டார். ஆறு செட்டில் வெறும் கரகரப்பு. “இவர நம்பி செல்லையாவ அனுப்பமுடியாது” என்று ரிலீவ் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். துறைமுகத்தில் சேரும் கெடு முடிந்தது. நான் வேலையில் தேறுவதற்குள் அவருக்கு வயது வரம்பும் தாண்டிவிட்டது.

நடந்ததை ஒப்புக்கொண்டபோது, “விடும் வே. அந்த ஆறையும் எடும், பாத்துருவோம்” என்றார். திட்டியிருந்தால் தேவலை. பிறகு எட்டு வருஷம் அதே ஜன்னலில்லாத அறை. லீவு கேட்டால் ஆள் இல்லை. விண்ணப்பம் எழுதுவதையே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். அவரை அங்கே ஆணியடித்து வைத்தவன் தினமும் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

நேற்று சாரின் மனைவி வந்தார்கள். “செட்டெல்லாம் மட்டமான சரக்கு, பாவம் அந்த சார் என்ன செய்வாருன்னுதான் அவுக அப்பவே எனக்கு எழுதுனாக. நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க” என்றார்கள். அதற்கும் தலையாட்டிவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன், அம்மா. அந்த மழை நாளில் நான் சுரங்கத்துக்குப் போகவே இல்லை.

நேற்றுச் சாயங்காலமே சாரை வண்டியில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பினோம். வண்டிக்கான தாளில் அதிகாரி உடனே கையெழுத்துப் போட்டார். மாற்று ஆள் யாரென்று கேட்கவில்லை. போய் வாருங்கள், சார்.