தீட்டு நாய்

தேயிலைத் தோட்ட லயத்தில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான இஸ்தோப்புத் திண்ணையில், விறகுக்குப் பின்னால் நாய் குட்டி போட்டது. நான் கருவாட்டுத் தலை போட்டுக் கஞ்சி காய்ச்சி வைத்தால், அடுத்த வீட்டுக்காரி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவாள்.

"திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கோம். இது தீட்டோட இங்க கெடக்குது. கொண்டுபோய்ப் போடு!"

ஒருநாள் கஞ்சிச் சட்டியையே எத்திவிட்டாள். பால் கொடுத்து எலும்பாகிப்போன நாய், தரையில் சிந்தியதை நக்கியது.

திருவிழா முடிந்தது. அவளுடைய மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிளறிப்போட்டது. மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"காவலுக்கு ஒரு ஆண் குட்டி எடுத்துக்கிறேன் தங்கச்சி" என்று குனிந்தாள்.

நாய் பல்லைக் காட்டி உறுமியது. நான் ஓர் அதட்டல் போட்டால் அடங்கிவிடும்.

"எடுத்துக்கங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.