மாமா எடுத்த மஞ்சள் சேலை

ஜவுளி விஷயத்தில் என் தாய்மாமாவை ஏமாற்றத் திருநெல்வேலியில் ஆள் கிடையாது. தொடாமலே சாயத்தின் தரத்தைச் சொல்லிவிடுவார். அந்தப் பெருமையையும் பத்துப் பேரிடம் அவரே சொல்லிவிடுவார். அறுபத்தைந்து தாண்டி வலது கை ஓயாமல் நடுங்கத் தொடங்கிய பிறகும் பேச்சில் நடுக்கம் கிடையாது.

அக்கா கல்யாணத்துக்கு மஞ்சள் சேலை எடுப்பது மாமாவின் உரிமை. சபையில் சேலைக்கட்டை அவிழ்க்கும்வரை வீட்டார் அதைப் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எட்டு வயதுக்காரியான என்னை மாமா தன் ஜவுளிக்கடைக்கு அழைத்துப்போனார். வேலையாட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு இரண்டு பட்டுகளை விரித்தார். ஒன்று எலுமிச்சை மஞ்சள். மற்றது மலையாள தேசத்துக்கு அனுப்ப வைத்திருந்த வெள்ளை. இரண்டுக்கும் சிவப்புக் கரை.

"ஏட்டி, இதுல மஞ்ச எதுன்னு சொல்லு பாப்பம்."

வாய்ப்பாடு கேட்பதுபோலச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கா தெரியாது! சீண்டிப் பார்க்க ஆசை வந்தது. ஒன்றும் அறியாதவள்போல வெள்ளையைத் தொட்டேன். காதைத் திருகுவார் என்று பார்த்தால், மனிதர் அதையே மடித்துக் கட்டிவிட்டார். மாமாவும் விளையாடுகிறார், பிறகு மாற்றிவிடுவார் என்று எனக்கு ஒரே சிரிப்பு.

முகூர்த்தத்தன்று கட்டை அவிழ்த்தார்கள். வெள்ளை!

"என்ன அண்ணாச்சி, தாலி ஏறுமுன்னயே பிள்ளைக்கு வெள்ளச் சேலையா?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். அவர்கள் ஆட்கள் வண்டி பூட்டப் போனார்கள். அக்கா அழுதாள். மாமா என் பக்கம் ஒருமுறை திரும்பினார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரோ, "கட்டு மாறிட்டு. அவசரத்துல நான்தான் பாக்காம எடுத்துட்டேன்" என்று கம்பீரமாகச் சொன்னார்.

அம்மா யாரையும் கேட்கவில்லை. மஞ்சள் கரைத்த அண்டாவில் சேலையை முக்கி எடுத்து, "இப்ப நல்லாப் பாத்துச் சொல்லுங்க மதினி, என்ன நிறம்?" என்றாள். சம்பந்தியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அக்கா சொட்டச் சொட்ட அதைக் கட்டிக்கொண்டுதான் தாலி வாங்கினாள். ஏழு பிள்ளை பெற்று நன்றாகவே வாழ்ந்தாள்.

அடுத்த வாரமே மாமா கடையை மகனிடம் ஒப்படைத்தார். கை ஆடுகிறது என்று காரணம் சொன்னார், ஊரும் நம்பியது. என் மேலிருந்த பிரியத்தால்தான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் வெகுநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

முதுமையில் இளமஞ்சளும் வெள்ளையும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும், கையை நடுக்கும் வாதம் அதை இன்னும் மோசமாக்கும் என்று வைத்தியம் படித்த என் மகன் பல வருஷம் கழித்துச் சொன்னான். என் பெயரைச் சொல்லியிருந்தால், ஒரு சிறுமியிடம் நிறம் கேட்டதையும் மாமா சபையில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனிதர் அன்று என்னிடம் உதவி கேட்டிருக்கிறார். நான் விளையாடிவிட்டேன்.