கழுத்தில் மையம் கொண்ட டிப்ரெஷன்

சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஊரப்பாக்கத்தில் ரயிலேறிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கல்பட்டுப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் நான். குளிர்ந்தது, முடி கொட்டியது, குரல் கரகரத்தது. காரணமே இல்லாமல் அழுகை வேறு. கரும்பலகை முன்னால் நின்றால் ஏழாம் வாய்ப்பாடு மறந்தது. சோம்பேறி என்று என்னை நானே திட்டி, ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கத்தான் தெம்பில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "டிப்ரெஷன் மாதிரிதான் இருக்கு. ஆனா முதல்ல தைராய்டு பாத்துடலாம்" என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

வெளியே ஸ்கூட்டரோடு என் கணவர். மறைமலைநகர் ஃபாக்டரியில் வேலை என்றாலும், பிறந்தது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரம். ரேடியோவில் புயல், டிப்ரெஷன் என்று வானிலை கேட்காமல் அவருக்கு நாஸ்தா இறங்காது.

"டிப்ரெஷனாம்" என்றேன்.

மனுஷர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "ரேடியோல ஒண்ணும் சொல்லலியே. எங்க மையம் கொண்டுகினு கீது?"

எனக்கு வந்த கோபத்தில் நடுத்தெருவிலேயே அழுதேன். கடிதத்தை எடுத்து நீட்டி, "நாளைக்கு இத குடுத்துட்டு வூட்லயே கெடக்கறேன்" என்றேன். படித்தார். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"காத்து அடிக்கிறப்ப எவனாச்சும் படக எறக்குவானா? அடங்கட்டும். அப்பால பாத்துக்கலாம்."

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. தைராய்டு படுத்துவிட்டதாம். அது படுத்தால் உடம்போடு மனசும் படுத்துக்கொள்ளுமாம். "அப்ப மையம் கழுத்துலதான்" என்றார் இவர், பெரிய விஞ்ஞானி மாதிரி. டாக்டரம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை அவரும் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எரிச்சலாக வரும்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஸ்வெட்டர் பீரோவுக்குள் போயிருந்தது. ஒருநாள் காலை காபிக்குக் காத்திருக்கும்போது, 'எங்க மையம் கொண்டுகினு கீது' திடீரென்று நினைவுக்கு வர, விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு மாதம் லேட்.

"அந்த லெட்டர குடுங்க, கிழிச்சுப் போடறேன்" என்றேன்.

கொடுத்தார். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். 'அஞ்சாம் நம்பர் கூண்டு. பேசல.' 'அஞ்சு. அழுதா.' 'மூணு. உப்பு பத்தலன்னதுக்குத் திட்டுனா.' 'ஒண்ணு. தல பின்னிகினா.' துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டை, தினமும் என் முகத்தைப் பார்த்து இவர் ஏற்றியிருக்கிறார்.

பென்சிலை எடுத்து என் எதிரிலேயே கடைசி வரியை எழுதினார்: 'கூண்டு எறக்கியாச்சு.'

கடிதத்தைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை.